மரியோவும் சொனிக்கும்: ஒரு பழைய தீர்ப்பின் மறுவிசாரணை

2003 ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில், கொழும்பிலிருந்து வெளிவந்த ஞாயிறு இதழ் ஒன்றின் சிறுவர் பக்கத்துக்கு அரைப் பக்கக் கட்டுரை ஒன்று எழுதினேன். ‘மரியோவா, சொனிக்கா?’ என்பது தலைப்பு. அரசியல் பத்தி எழுதுபவனுக்குச் சிறுவர் பக்கத்தில் என்ன அலுவல் என்று வாசகர் கேட்கக்கூடும். பக்கத்துக்குப் பொறுப்பானவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இடம் வெறுமையாகக் கிடந்தது. என் வீட்டு வரவேற்பறையிலோ அந்த வாரம் முழுவதும் இந்த ஒரே விவாதம்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

அக்கட்டுரை நியாயமற்றது. அதைச் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது.

விவாதித்தவர்கள் என் மருமக்கள் இருவர். என் சகோதரிகளின் பிள்ளைகள். 1983 இன் பின்னர் ஒரு குடும்பம் லண்டனுக்கும் மற்றைய குடும்பம் ரொறன்ரோவுக்கும் போயின. 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பிறகு, அடுத்த ஆண்டு இருவரும் ஒன்றாக ஊர் பார்க்க வந்தார்கள். இருபது வயதைக் கடந்த வாலிபர்கள்தாம். எனினும் வெள்ளவத்தையில் எங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்ததும் பத்து வயதுப் பையன்களாகிவிட்டார்கள். லண்டன்காரர் தமது பழைய சேகா மெகா டிரைவ் கருவியையும் சொனிக் கசெட்டையும் இங்குள்ள சிறுவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ரொறன்ரோக்காரர் வெறுங்கையோடு வந்திருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் புறக்கோட்டையில் வாங்கிய ரி.வி. கேம் ஒன்று இருந்தது. அதனுள் பல நூறு விளையாட்டுகள் இருப்பதாக உறையில் அச்சிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் பத்தோ பதினைந்தோதான் தேறும். அவற்றுள் ஒன்று மரியோ.

நான் இரண்டிலும் அரை மணி நேரம் விளையாடினேன். பின்னர், சொனிக்கின் வர்ணமும் வேகமும் மரியோவிடம் இல்லை, மரியோவின் காலம் முடிந்தது என்று தீர்ப்பெழுதினேன். பேச்சுவார்த்தை குறித்து ஒரு வரி எழுதுவதற்கு முன் இரு தரப்பினரிடமும் மூன்று தடவை தொலைபேசியில் விசாரிக்கும் பழக்கம் உள்ளவன் நான். இது விளையாட்டுத்தானே என்பதால் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்திரிகையைப் படித்த ரொறன்ரோ மருமகன் ஒன்றையே கேட்டார்.

“மாமா, நீங்கள் எந்த மரியோவை விளையாடினீங்கள்?”

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒரு மரியோதானே இருக்க முடியும் என்று நினைத்தேன்.

“இது எண்பத்தைந்தாம் ஆண்டு வந்தது. சொனிக் தொண்ணூற்றொன்று. இரண்டுக்கும் இடையில ஆறு வருசம் கிடக்கு.”

அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

இவ்வகை விளையாட்டை அறியாத வாசகருக்காக ஒரு சிறு விளக்கம். ஆங்கிலத்தில் பிளட்போர்ம் விளையாட்டு என்பார்கள். மேடைகளும் பள்ளங்களும் நிறைந்த ஒரு பாதையில் நாயகன் ஓடியும் பாய்ந்தும் முன்னேற வேண்டும். பாய்ச்சல் தவறினால் ஓர் உயிர் போயிற்று. ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1981 இல் வெளியிட்ட டொங்கி கொங் இவ்வகைக்கு ஒரு முன்னோடி. அதில் பீப்பாய்களைத் தாண்டிக் குதித்த தச்சன்தான் பிற்காலத்தில் மரியோ ஆனான். அவனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசூகாவுடன் சேர்ந்து 1985 செப்டெம்பரில் சுப்பர் மரியோ பிரதர்ஸை வெளியிட்டார். எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள், ஆக 32. இவை யாவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கிறது.

சேகா நிறுவனத்தின் சொனிக் என்ற நீல முள்ளெலி 1991 ஜூனில் வந்தது. அதன் அளவு 512 கிலோபைட். நான் செய்தது பாலர் வகுப்புப் பிள்ளையையும் பல்கலைக்கழக மாணவனையும் ஒரே பரீட்சைக்கு இருத்திவிட்டு, பின்னவனுக்குப் பரிசு கொடுத்த காரியம்.

சொனிக்குடன் நிறுத்திப் பார்க்க வேண்டியது சுப்பர் மரியோ வேர்ல்டை. அது ஜப்பானில் 1990 நவம்பரிலும் அமெரிக்காவில் 1991 ஓகஸ்டிலும் வெளியானது. அதன் கசெட்டும் அதே 512 கிலோபைட்தான். அமெரிக்கக் கடைகளில் அந்த ஆண்டில் இரண்டும் எதிரெதிரே நின்றன. 199 டொலருக்குச் சுப்பர் நின்டென்டோ வாங்கினால் மரியோ வேர்ல்ட் உடன் வரும். 149 டொலருக்கு, ஜெனிசிஸ் என்று அங்கு பெயரிடப்பட்ட மெகா டிரைவை வாங்கினால் சொனிக் உடன் வரும். இப்படி ஒரே ஆண்டில், ஒரே அளவில், ஒரே கடையில் இரண்டு விளையாட்டுகள் சந்திப்பது அபூர்வம்.

இங்கும் தராசு முழுக்க நேராக நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மெகா டிரைவ் 1988 இல் பிறந்தது. சுப்பர் நின்டென்டோ அதற்கு இரண்டு ஆண்டுகள் இளையது. முன்னது 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 64 ஐக் காட்டவல்லது. பின்னது 32,768 நிறங்களிலிருந்து 256 ஐக் காட்டும். ஆகவே நின்டென்டோ பக்கத்தவர்கள் நிறங்களை எண்ணிக் காட்டினார்கள். சேகா பக்கத்தவர்களோ மத்திய செயலகத்தின் துடிப்பு வேகத்தைச் சொன்னார்கள்: எங்களுடையது ஏழரை மெகாஹேர்ட்ஸுக்கு மேல், உங்களுடையது மூன்றரை. இரண்டு எண்களும் உண்மையானவை. ஆயினும் இரு செயலகங்களும் வேறு இனம். ஒரு கட்டளையை முடிப்பதற்கு எடுக்கும் துடிப்புகளின் தொகை வேறு. மாட்டு வண்டிச் சில்லையும் சைக்கிள் சில்லையும் எத்தனை தடவை சுழன்றன என்று எண்ணி, எது முதலில் ஊர் போய்ச் சேரும் என்று சொல்ல இயலாது. அந்நாளைய விளம்பரங்கள் இதைத்தான் செய்தன. உண்மையான எண்களைக் கொண்டு அநியாயமான ஒப்பீடு செய்யலாம் என்பதை அரசியல் நிருபர்களான நாம் தேர்தலுக்குத் தேர்தல் பார்த்திருக்கிறோம்.

பெயரே ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘மரியோ 2’ குறித்து ஒரு ஜப்பானியரும் ஓர் அமெரிக்கரும் சண்டையிட்டால் இருவரும் வெவ்வேறு விளையாட்டுகளைப் பற்றிப் பேசக்கூடும். 1986 இல் ஜப்பானில் வந்தது அமெரிக்கர்களுக்கு மிகக் கடினம் என்று கருதப்பட்டது. 1988 இல் வேறொரு ஜப்பானிய விளையாட்டின் பாத்திரங்களை மாற்றி அதே பெயரில் அங்கு வெளியிட்டார்கள்.

இனி நான் மிகப் பிந்தி அறிந்துகொண்ட விடயத்துக்கு வருகிறேன். என் பழைய கட்டுரை மரியோவுக்கு அநீதி இழைத்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது சொனிக்குக்கும் அநீதி இழைத்திருக்கிறது.

ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் அக்காலத் தொலைக்காட்சி விநாடிக்கு 60 தடவை திரையைப் புதுப்பித்தது. பிரித்தானியாவிலும், அதே பால் முறையைப் பின்பற்றிய இலங்கையிலும் அது 50 தடவை. சொனிக்கின் ஓட்டம் இந்தத் திரைப் புதுப்பிப்போடு கட்டப்பட்டிருந்தது. ஐரோப்பாவுக்கான முதலாவது சொனிக் வெளியீட்டில் அதைச் சரிசெய்யாமலே விட்டுவிட்டார்கள். ஆகவே அங்கே முள்ளெலி ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. மசாட்டோ நகமூராவின் இசையும் அதே அளவுக்கு இழுபட்டது. ரொறன்ரோவில் ஒரு நிமிடத்தில் முடியும் ஓட்டம் லண்டனில் 72 விநாடி பிடிக்கும்.

இதன் விந்தையைப் பாருங்கள். வேகம், வேகம் என்று என் வீட்டில் தொண்டை கிழிய வாதாடிய லண்டன் மருமகன், சொனிக்கின் உண்மையான வேகத்தை வாழ்நாளில் பார்த்ததேயில்லை. மரியோ கட்சியைச் சேர்ந்த ரொறன்ரோ மருமகனோ அதை அயல் வீட்டு நண்பனிடம் முழு வேகத்தில் விளையாடியிருந்தார். அப்படியிருந்தும் மரியோவையே விரும்பினார். இருவரும் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவராக இருந்த நானும் வெள்ளவத்தையில் மெதுவான சொனிக்கைப் பார்த்துவிட்டு அதன் வேகத்தைப் புகழ்ந்து எழுதினேன். புகழ்ச்சியும் பிழையாகலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சமப்படுத்திவிட்டால், ஒரே ஆண்டு, சரியான தொலைக்காட்சி, சரியான வெளியீடு என்று ஆக்கிவிட்டால், எது மேலானது என்பது தானாகத் தெரிந்துவிடுமா? தெரியாது. அங்கிருந்துதான் கருத்து ஆரம்பமாகிறது. மான்செஸ்டர் கார்டியன் ஆசிரியர் சி. பி. ஸ்கொட் 1921 இல் எழுதிய கட்டுரையைப் பத்திரிகைத் துறைக்கு வரும் எவருக்கும் முதல் நாளிலேயே சொல்லித் தருவார்கள்: கருத்துக்குச் சுதந்திரம் உண்டு, தகவலோ புனிதமானது. அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கருத்துக் கூறும்போது வெளிப்படையாக இருப்பதைவிட நியாயமாக இருப்பது மேல் என்பது அதன் சாரம். அந்தப் பகுதியை எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

எனவே இம்முறை இரண்டையும் இறுதிவரை விளையாடினேன். இன்றைய கருவிகளில் இவ்விரண்டையும் 60 இன் வேகத்தில் விளையாட வழியுண்டு. எழுபதை எட்டும் விரல்களுக்கு இது இலேசான காரியமல்ல; ஏறத்தாழ நான்கு மாதம் சென்றது. மனைவி இதைப் பற்றிச் சொன்னவற்றை இங்கு எழுத முடியாது.

சொனிக்கின் கிரீன் ஹில் என்ற முதல் வலயத்துக்கு ஈடாக மரியோ வேர்ல்டின் தொடக்கத்தில் எதுவும் இல்லை என்று துணிந்து சொல்வேன். சரிவில் உருண்டு, அந்த வேகத்தாலேயே வளையத்தின் உச்சிக்கு ஏறும்போது, வேகம் பொத்தானிலிருந்து வருவதில்லை, நிலத்தின் சாய்விலிருந்து வருகிறது என்று கை உணர்கிறது. கையில் ஒரே ஒரு பொன்வளையம் இருந்தாலும் அடிபட்டவன் சாவதில்லை. வளையங்கள் சிதறும், பொறுக்கிக்கொண்டு ஓடலாம். வேகமாக ஓடு என்று சொல்லும் விளையாட்டு ஓடுபவனுக்குக் கொடுக்க வேண்டிய மன்னிப்பு அது. யுஜி நகாவின் நிரல் திறமையும் ஹிரோகசு யசுஹராவின் கட்டமைப்பும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம்.

ஆனால் இரண்டாம் வலயத்திலேயே அந்த வாக்குறுதி தளர்கிறது. நெருப்புக் குழம்பின் மேல் கற்களைத் தள்ளிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான்காவதான லபிரிந்தில் நீருக்கடியில் தத்தித் தத்தி நடந்து, மூச்சுக்குக் காற்றுக் குமிழியைத் தேடித் தவிக்க வேண்டும். வேகத்துக்காகவே பிறந்தவனை நீரில் இறக்கிவிட்டவர்களின் நோக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. லண்டன் மருமகன் சொல்கிறார், அந்த மூச்சுத் திணறலும் எச்சரிக்கை இசையும்தான் தமக்கு இன்றும் கனவில் வருகின்றன, அந்த அளவுக்கு ஒரு விளையாட்டு மனத்தில் பதிந்திருந்தால் அது தோல்வியா என்று. அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் அது பிழையாகக் கட்டப்பட்டது என்பதற்கும் இடையிலுள்ள வேலியை நான் அடிக்கடி தாண்டிவிடுகிறேன்.

மரியோ வேர்ல்ட் முதல் பத்து நிமிடத்தில் கண்ணைப் பறிக்காது. அது சிறுகச் சிறுகத் திறக்கும் வீடு. போர்வை அணிந்து பறக்கலாம் என்று பழகிய பின், முன்பு கடந்துபோன ஒரு கட்டத்துக்குத் திரும்பிச் சென்றால், அங்கே நீங்கள் காணாத இன்னொரு வாசல் மேலே இருந்திருக்கிறது. மொத்தம் 96 வழிகள். ஆட்டத்தைச் சேமித்து வைத்து மறுநாள் தொடரலாம் என்பதால் அப்படிக் கட்ட முடிந்தது. முதலாவது சொனிக்கில் சேமிக்கும் வசதி இல்லை. அதை ஒரே இருப்பில் முடிக்க வேண்டும். ஒன்று நாவல், மற்றது சிறுகதை. அரை மணி நேரம் மட்டும் வைத்துப் பார்ப்பவன் எப்போதும் சிறுகதைக்கே பரிசு கொடுப்பான். 2003 இல் நான் ஏன் சொனிக்கைத் தெரிந்தெடுத்தேன் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஒப்பிடுபவனுக்குத் திறமை எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியும் இருக்கிறது. 2017 இல் ஜேர்மனியில் நடந்த கண்காட்சி ஒன்றில், கப்ஹெட் என்ற கடினமான விளையாட்டை ஓர் அமெரிக்கத் தொழில்நுட்ப நிருபர் விளையாடினார். பயிற்சிப் பகுதியிலேயே தடுமாறினார். அந்த 26 நிமிடப் பதிவைத் தமக்கு வெட்கம் என்ற தலைப்போடு அவரே வெளியிட்டார். உலகமே அவரைக் கேலி செய்தது. விளையாடத் தெரியாதவன் எழுதலாமா என்று வைதார்கள். என் அனுதாபம் முழுவதும் அவர் பக்கம். தன் கையாலாகாத்தனத்தைத் தானே அச்சிட்டவரைவிட நேர்மையான சாட்சி கிடையாது. முடிக்காத விளையாட்டை முடித்ததுபோல் பாவனை செய்து எழுதியவனல்லவா குற்றவாளி? நான் அப்படித்தான் எழுதினேன்.

இதில் என்ன பெரிய நட்டம், யாருக்கு என்ன போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. விமர்சனப் புள்ளிகளைத் திரட்டி நூற்றுக்கு இத்தனை என்று சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் என்ற தளம் 2001 இலிருந்து இயங்குகிறது. 2010 இல் போலவுட்: நியூ வேகஸ் என்ற விளையாட்டு வந்தது. இது பாய்ச்சல் விளையாட்டு அல்ல, ஆனால் நியாயம் ஒன்றே. அங்கு சராசரி 85 ஐத் தொட்டால் மட்டுமே அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு மேலதிகப் பங்கு கிடைக்கும் என்பது உடன்பாடு. சராசரி 84 இல் நின்றது. அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012 இல் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். எங்கோ ஒரு மேசையில், நான் சிறுவர் பக்கத்துக்கு எழுதியதைப்போல ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்த ஒருவரின் எண்ணும் அந்தச் சராசரிக்குள் இருந்திருக்கலாம்.

2023 ஒக்டோபரில் பழைய கதை மீண்டும் அரங்கேறியது. 17 ஆம் திகதி சொனிக் சுப்பர்ஸ்டார்ஸ், 20 ஆம் திகதி சுப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர். முன்னதன் உருவாக்கத்தில் சொனிக்கின் உருவத்தை முதன்முதலில் வரைந்த நவோட்டோ ஓஷிமாவின் நிறுவனம் பங்கேற்றது. பின்னதன் தயாரிப்பாளர் அதே தெசூகா. மூன்று நாள் இடைவெளியில் வந்தால் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. ஆனால் மரியோவுக்கு எழுதிய தீர்ப்பின் மை காயுமுன் சொனிக்கை அதன் எச்சமாக எழுதி முடித்த பலர், முள்ளெலியின் விளையாட்டில் நான்கு பேர் ஒன்றாக ஓடலாம் என்பதையும், அப்படி ஓடும்போது திரை யாரைப் பின்தொடர்வது என்ற சிக்கலையும் அதன் சொந்தக் கேள்வியாக எடுத்து ஆராயவில்லை. நான் வாசித்தவற்றைத்தான் சொல்கிறேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

மருமக்களுக்கு இப்போது நாற்பதைக் கடந்துவிட்டது. இருவரும் அவ்விரண்டையும் தத்தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இதில் கட்சியே இல்லையாம். ஒரே கருவியில் இரண்டும் ஓடுகின்றன. சேகா 2001 இல் கருவி செய்வதை நிறுத்திவிட்டு நின்டென்டோவுக்கே விளையாட்டுச் செய்யத் தொடங்கியதன் பயன்.

அந்த ஞாயிறு இதழ் இப்போது வெளிவருவதில்லை. ஆகவே அங்கு வெளிவந்திருக்க வேண்டிய திருத்தத்தை இங்கு இடுகிறேன்.

பிழைதிருத்தம்: 2003 இல் இக்கட்டுரையாளர் எழுதிய ‘மரியோவா, சொனிக்கா?’ என்ற ஒப்பீட்டில் 1985 ஆம் ஆண்டு விளையாட்டொன்று 1991 ஆம் ஆண்டு விளையாட்டொன்றுடன் ஒப்பிடப்பட்டிருந்தது. பின்னது அதன் உரிய வேகத்தில் பார்க்கப்படவில்லை. இரண்டும் முடிக்கப்படவுமில்லை. உரிய முறையில் விளையாடிய பின் கட்டுரையாளரின் கருத்து: முதல் பத்து நிமிடம் சொனிக்குக்கு, அதன் பின்னர் மரியோ வேர்ல்டுக்கு. கட்டுரையாளர் நிதானமாக நடப்பவர், நீண்ட நாவல்களை விரும்புபவர், நீருக்கு அஞ்சுபவர் என்பதையும் வாசகர் கவனத்தில் கொள்க.

பிரதியை இருவருக்கும் நேற்று அனுப்பினேன். ரொறன்ரோவிலிருந்து உடனே நன்றி வந்தது. லண்டனிலிருந்து, லபிரிந்த் வலயத்தை எத்தனை தடவை விளையாடினீர்கள் என்ற கேள்வி மட்டும் வந்திருக்கிறது. ஒரு தடவைதான். இன்றிரவு மறுபடியும் இறங்கிப் பார்க்க வேண்டும்.